நோட்டுப் புத்தகத்தில் பதினோரு வரி தோடி

ஜூன் 4, 1966, சனி

காலையிலிருந்து பேய்க்காற்று. புத்தூர் முழுக்க மண்ணும் காகிதமும். மாடியில் காயப்போட்ட என் சட்டை அடுத்த வீட்டு முருங்கை மரத்தில். லூர்து துரட்டியால் இழுத்தாள். சட்டையோடு நாலு காயும் வந்தது. “கேட்டா காத்துல விழுந்துச்சுன்னு சொல்லிக்கலாம்” என்கிறாள். இவள் புருஷன் நான் வேலை பார்ப்பதோ போலீஸ் ஆபீஸில்.

பென்சில் பன்னிரண்டு, இரண்டு முனையும் சீவியாயிற்று. புது நோட்டு ஒன்று. நாளை சாயங்காலம் ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் கூட்டம். அரிசி கிடைக்காததைப் பற்றி. பேசுவது உறையூர் வையாபுரி. மேடைக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் சுருக்கெழுத்தில் எடுப்பது நான். பதினான்கு வருஷமாக இதே வேலை. எல்லாக் கட்சியையும் எழுதியாயிற்று. எவனுக்கும் என்மேல் கோபம் கிடையாது.

கேட்டதில் என் தரவரிசை (ஆபீஸுக்கு அல்ல, எனக்கு):

1. வையாபுரி. சுருட்டுச் சுற்றுகிற ஆள். ஐந்தாம் வகுப்பு. ஆனால் அந்தத் தமிழ் இந்த ஜில்லாவில் எந்த எம்.ஏ.க்கும் வராது. கேள்வியாகவே கேட்டுக்கொண்டு போவார்.
2. மணப்பாறைக்காரர் ஒருவர். ஊருக்கேற்ற பேச்சு. ஆரம்பித்த இடத்துக்கே சுற்றிச் சுற்றி வருவார். எழுத சுகம்.
3. மூன்றாவதுக்கு யாரும் லாயக்கில்லை.

சீனியர் கிரேடு உத்தரவு அடுத்த மாதம் வந்துவிடும் என்று ஹெட்கிளார்க் சொன்னார். வராமல் எங்கே போகும்? என் கை வேகம் எவனுக்கு இருக்கிறது?

ஜூன் 5, ஞாயிறு

காலைப் பூசைக்கு ஆர்மோனியம். பாடகர் குழுவில் மேல்ஸ்தாயி பாடும் சோப்ரானோக்காரி இழுத்த இழுப்பில் நானும் அரை ஸ்வரம் இறங்கி வாசிக்க வேண்டியதாயிற்று. சாமியார் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு எல்லாமே ஒரே ராகம்.

மூன்றரைக்கு டவுன் பஸ். காவிரியில் வெறும் மணல். மொட்டைக் கோபுரத்துக்கு வெளியே கூட்டம், நல்ல கூட்டம். பெண்கள்தான் அதிகம், பையும் கையுமாக. பின்னால் ஒரு அம்மாள்: “இவரு பேசறதக் கேட்டா வயிறு நெறஞ்சிரும்போல. அப்புறம் அரிசி எதுக்கு?”

வையாபுரி மேடை ஏறினதும் வழக்கம்போல என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “சார் வந்துட்டாரு. இனி தப்பா பேசப்படாது” என்றார். சனங்கள் சிரிப்பு. இது எப்போதும் நடப்பது.

ஒன்றே முக்கால் மணி நேரம். அபாரம். “புள்ளைக்குக் கஞ்சி ஊத்த வக்கில்லாதவன் தெருவுல நிக்கறான். மூட்டையை அடுக்கி வச்சவன் உள்ள நிக்கறான். யாருக்கு யாரு பயப்படணும்?” எழுதும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உத்தியோகத்தில் இருப்பவன் இதை வெளியே சொல்லக் கூடாது. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

நடுவில் ஒரு ஜானவாச ஊர்வலம். மாப்பிள்ளை திறந்த காரில், காஸ் லைட், முன்னால் நாகஸ்வரம். தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு வாசித்தார்கள். வையாபுரி பேச்சை நிறுத்தவில்லை, அவர்களும் வாசிப்பை நிறுத்தவில்லை. வாசித்தவன் சின்ன வயது. உப்பிலியபுரம் பக்கமாம். தோடி. அடடா! பஞ்சமத்தைத் தொடாமலே அவன் சுற்றின சுற்று! காரில் இருந்த மாப்பிள்ளைக்குத் தூக்கம். கொடுத்து வைக்காதவன்.

ஒரு நோட்டு முழுக்கத் தீர்ந்தது. கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. சுத்தமான வேலை.

ஜூன் 6, திங்கள்

இதை எப்படி எழுதுவது?

ஆபீஸில் நுழைந்ததுமே அமளி. நேற்றுக் கூட்டம் முடிந்த கையோடு ஒரு கும்பல் அம்மாமண்டபம் பக்கம் ஒரு அரிசிக் கிடங்கின் பூட்டை உடைத்திருக்கிறது. மூட்டைகளை அறுத்து மடியில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். பிடிபட்டவர்களில் இரண்டு பெண்கள். விடிவதற்குள் வையாபுரியையும் உள்ளே வைத்தாயிற்று. “பூட்டை உடையுங்கள்” என்று மேடையில் தூண்டிவிட்டதாக வழக்கு. டீக்கடை ஓரம் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் காதால் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர்: “ஆரோக்கியசாமி, பன்னெண்டு மணிக்குள்ள விரிச்செழுதிக் குடுத்துருங்க. அந்த எடம் முக்கியம்.”

உட்கார்ந்தேன். முப்பத்திரண்டாம் பக்கம் வரை பிசகில்லை. முப்பத்து மூன்றாம் பக்கத்தில், நடுவில், பதினோரு வரி பேச்சே இல்லை. ஸ்வரம்.

கச்சேரிக்குப் போனால் நல்ல ராகப் பிடிகளைக் குறித்துக்கொள்ள ஏழு ஸ்வரத்துக்கும் ஏழு கோடு நானாக வைத்திருக்கிறேன். அந்தக் கோடுகள். நி ரி க ம, க ரி, நி ரி நி த என்று பதினோரு வரி, துளி நடுக்கம் இல்லாமல். காது அந்தப் பக்கம் போயிருக்கிறது, கை காதின் பின்னால் போயிருக்கிறது. நான் வையாபுரியை எழுதுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வேகத்துக்குப் பதினோரு வரி என்றால் ஒரு நிமிஷம். மிஞ்சினால் ஒன்றரை. இந்த வழக்கே அந்த ஒன்றரை நிமிஷம்தான். முன்னேயும் பின்னேயும் அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 7, செவ்வாய்

இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார். நோட்டை வாங்கி நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார்.

“இந்தக் கோட்டை உங்களைத் தவிர எவன் படிக்கப் போறான்?”

“யாரும் படிக்க மாட்டாங்க.”

“அப்புறம் என்னய்யா? அவன் சொன்னான்னு ரெண்டு பேரு சொல்றாங்க. நீங்க புதுசா ஒண்ணும் கட்ட வேணாம். அவன் சொன்னதை எழுதறீங்க, அவ்வளவுதான்.”

மனுஷர் கெட்டவர் அல்ல. வையாபுரி சொல்லியிருப்பார் என்று மனசார நம்புகிறார். ஒரு துண்டுக் காகிதத்தில் அவரே எழுதிக் கொடுத்தார்: “புறப்படுங்கள் தோழர்களே, கிடங்கின் பூட்டை உடையுங்கள்.” மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வியாழன் வரை தவணை.

மறக்காமல்: மண்ணெண்ணெய், லூர்துவின் செருப்புக்கு வார், ஆர்மோனியத் துருத்திக்குப் பசை.

ஜூன் 8, புதன்

லூர்துவிடம் சொன்னதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த ஆளு உள்ள இருக்காரா?” என்றாள். இருக்கிறார் என்றேன். சிரிப்பு நின்றது.

“கிரேடு போயிருமா?”

“போகலாம்.”

“வேலை?”

“வேலையைத் தொட மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.”

கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். பிறகு, “எழுதாததை எழுதினேன்னு சொல்லிட்டு, பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட என்ன சொல்லுவீங்க? அதையும் சுருக்கெழுத்துல சொல்லுவீங்களோ?”

உண்மையைச் சொன்னால் எனக்குப் பாவத்தைவிட மானம்தான் பெரிதாகப் பட்டது. ஆரோக்கியசாமி ஒரு வரி விட்டான் என்று சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லை. இப்போது பதினோரு வரி.

மத்தியானம் ஒரு காரியம் செய்தேன். எழுதி வைக்கிறேன். காகிதம் எடுத்து, வையாபுரி அந்த ஒன்றரை நிமிஷத்தில் என்ன பேசியிருப்பார் என்று நானே எழுதிப் பார்த்தேன். ஆறு வருஷமாக அவர் பேச்சை எடுக்கிறேன், அவர் மூச்சு வாங்குகிற இடம் கூடத் தெரியும். வந்தது! அச்சு அசல் அவரேதான். அவரிடமே காட்டியிருந்தால் “என் பேச்சுத்தான்” என்று கையெழுத்துப் போட்டிருப்பார். அதைப் படித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அடுப்பில் போட்டேன். இன்ஸ்பெக்டர் கொடுத்த துண்டுக் காகிதத்தையும் கூடவே.

ஜூன் 9, வியாழன்

விரித்தெழுதிக் கொடுத்தேன். முப்பத்து மூன்றாம் பக்கத்தில்: “இங்கே சுமார் பதினோரு வரி எடுக்கப்படவில்லை.” கையெழுத்து, தேதி.

இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “சரி. மேளச் சத்தத்துல காது கேக்கலைன்னு சொல்லிருங்க. அதாவது சொல்லுங்க” என்றார். மேளச் சத்தம். சரி. அதுவும் முழுப் பொய் இல்லை.

ஜூன் 14, செவ்வாய்

பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர்.

“வையாபுரி சொன்னது நெசந்தாங்க. எங்க மச்சான் அங்கதான் இருந்தாரு.”

“எங்க சித்தப்பாவும் இருந்தாரு. அப்படி ஒண்ணும் சொல்லலைங்கறாரே.”

மச்சானும் சித்தப்பாவும் மேடைக்கு எவ்வளவு தூரத்தில் நின்றார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. நான் இருந்தது ஆறடி தூரத்தில். வாயை மூடிக்கொண்டு இறங்கினேன்.

ஜூலை 18, திங்கள்

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தின் மேல் பஸ்ஸை மெதுவாக ஓட்டச் சொல்லிப் பெண்கள் ஆற்றில் காசு போட்டார்கள். நல்ல காற்று. எனக்குத்தான் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இன்று கோர்ட்டில் சாட்சி.

வேதாகமத்தைத் தொட்டுச் சத்தியம். சர்க்கார் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஜம்மென்று பதில். பிறகு எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். ஒல்லி ஆள், கோட்டு அவர் உடம்பில் மாட்டி வைத்தது போல் இருந்தது.

“பதினோரு வரி எடுக்கலைன்னு எழுதியிருக்கீங்க. நோட்டுல அந்த எடம் காலியா இருக்கா?”

இதை எவனும் கேட்பான் என்று நான் நினைக்கவில்லை. இன்ஸ்பெக்டரும் நினைக்கவில்லை.

“காலியா இல்லைங்க.”

“என்ன இருக்கு?”

மேளச் சத்தம் என்று சொல்லியிருக்கலாம். குற்றவாளிக் கூண்டிலிருந்து வையாபுரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பயமே இல்லை. என்னை நம்பி நிற்கிற முகம். ஏன் அப்படி என்று விளங்கவில்லை.

“தோடி ராகங்க.”

படிக்கச் சொன்னார்கள். படித்தேன். ஸ நி த, நி ரி க, ம க ரி. இரண்டாவது வரியில் யாரோ ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். மாஜிஸ்ட்ரேட் மேஜையைத் தட்டி, “முழுக்கப் படிக்கட்டும்” என்றார். பதினோரு வரியும் படித்தேன். நாலாவது வரியில் பயம் போய்விட்டது. நல்ல பிடிகள். தலை நிமிர்ந்துதான் படித்தேன்.

வீட்டில் லூர்து முருங்கைக்காய் சாம்பார் வைத்திருந்தாள். இரண்டாம் தரம் சோறு போட்டாள்.

ஜூலை 29, வெள்ளி

தீர்ப்பு. வையாபுரி விடுதலை. சந்தேகத்தின் பலன். பூட்டை உடைத்தவர்களுக்கு, அந்த இரண்டு பெண்கள் உட்பட, மூன்று மாதம்.

எனக்கும் உத்தரவு வந்தது. சீனியர் கிரேடு இல்லை. திங்கள் முதல் ரிக்கார்டு ரூம். கட்டுக் கட்டுவது, தூசி தட்டுவது. கூட்டங்களுக்கு இனி திண்டுக்கல்லிலிருந்து ஒரு பையன் வருவானாம். நிமிஷத்துக்கு எண்பது வார்த்தை கூட வராது அவனுக்கு. யாருக்கு நஷ்டம்? எனக்கில்லை. ஹெட்கிளார்க் காதோடு காதாக, “ஓய், நீர் தப்பே பண்ணலை” என்றார். தெரியும் என்றேன். ஒரு மனுஷனைப் பொய்யாக உள்ளே தள்ளவில்லை. நிம்மதியாக இருக்கிறேன்.

ஆகஸ்டு 6, சனி

தெப்பக்குளம் பஸ் நிறுத்தத்தில் வையாபுரியைப் பார்த்தேன். அவர்தான் முதலில் கும்பிட்டார். இளைத்திருந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் என்ன பதில் சொல்வது என்று கூட மனசில் தயார் பண்ணிவிட்டேன்.

“சார், உங்களைத் தேடி வீட்டுக்கே வரலாம்னு இருந்தேன். ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“ஜெயிலுக்குப் போய் அந்த ரெண்டு பொம்பளைங்களையும் பாத்தேன். ஒருத்தி கைப்புள்ளைக்காரி. ‘நீங்க சொல்லித்தானே அண்ணே போனோம்’ங்கறா. கோவமாக்கூடச் சொல்லலை. பெருமையாச் சொல்றா.”

பஸ் வந்தது. நாங்கள் இருவரும் ஏறவில்லை.

“நான் அப்படிச் சொன்னேனா சார்? மேடையில ஏறிட்டா வர்றது வருது, எறங்கினா ஒண்ணும் நெனப்பு இருக்கறதில்ல. அவங்க ஆயிரம் சொல்லட்டும், சார் நோட்டுல இருக்கும்னு தைரியமா இருந்தேன். சொல்லியிருந்தா தண்டனையை வாங்கிக்கலாம். சொல்லலைன்னா அந்தப் பொண்ணு மூஞ்சியை நிமிந்து பாக்கலாம். இப்ப ரெண்டும் இல்லை.”

யாரைப் பற்றி, எந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் எனக்குப் பதில் இருக்கும். பதினான்கு வருஷம்.

“தெரியலைங்க. அந்த நேரம் நான் நாயனத்தைக் கேட்டுட்டிருந்தேன்” என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லா வாசிச்சானா சார்?”

“நல்லா வாசிச்சான்.”