அது உன் பேஜ் இல்லலே

கடையநல்லூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் முஃபீதுக்கு உம்மா எழுதுதது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வோட கிருபையால இங்கன நானும் உன் வாப்பாவும் தங்கச்சி ஜுஹைனாவும் உடம்புக்கு சுகமா இருக்கோம், மனசுக்குத்தான் சுகமில்லை, அதுக்குக் காரணம் நீ. ஷார்ஜாவுல நீ நல்லா இருக்கியான்னு கேக்குதது முறை, அதையும் கேட்டுட்டேன். இந்தக் காலத்துல உம்மா எதுக்குக் கடுதாசி எழுதுதான்னு நினைப்பே. போன் போட்டா மீட்டிங்குன்னு வச்சிருதே, நான் அனுப்புத வாய்ஸ் மெசேஜை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டிக் கேக்கேன்னு நீயே உன் தங்கச்சிகிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கே. கடுதாசியை அப்படி ஓட்ட முடியாதுல்லா, வரி வரியா வாசிச்சுத்தான் ஆகணும். பக்கத்து வீட்டு ஆதம் லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை புறப்படுதான், அவன் கையில குடுத்து விடுதேன். நாரத்தங்காய் ஊறுகாயும் இருக்கு, அது எனக்குக் கோபம் வாறதுக்கு முன்னாடி போட்டது, அதனால வச்சுட்டேன்.

திங்கக்கிழமை மத்தியானம் நீ போன் போட்டு உன் தங்கச்சியைப் பேசின பேச்சு பூராவும் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. என் பேஜை ஏன் அழிச்சே, என் பேரை ஏன் கெடுத்தே, இனி பொண்ணு வீட்டுல நான் என்னன்னு மூஞ்சியக் காட்டுவேன்னு கத்துனே. நான்தான் போனைப் பிடுங்கி கட் பண்ணினேன், அவ பண்ணலை. என் பேஜ் என் பேஜ்னு எத்தனை வாட்டி சொன்னே தெரியுமா? அது உன் பேஜ் இல்லலே. அதுல நீ ஒரு எழுத்து அடிச்சிருப்பியா? உன் போட்டோ இருந்துச்சு, உன் பேர் இருந்துச்சு, அவ்வளவுதான். அந்தப் போட்டோவும் பேரும் அங்கன போனது என்னால, அதை மறைக்க மாட்டேன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி அவ காலேஜ் முடிச்சு, ஆன்லைன்ல வேலை எடுத்து வீட்டுல இருந்தே செய்யலாம் உம்மா, தமிழ்ல பேசுதத இங்கிலீசுல எழுதிக் குடுக்கணும், அதுக்கு ஒரு சைட் இருக்கு, நம்ம பேரும் படமும் போட்டு ஒரு பக்கம் திறக்கணும்னு வந்து நின்னா. நான் படமான்னேன். வயசுப் பிள்ளை, நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போறவ முகத்தை ஊர் உலகம் பூரா பாக்கவான்னு குதிச்சேன். நம்ம தெருவுல கரண்டு பில்லுல இருந்து பொம்பளைப் பிள்ளை கையில இருக்க சிம் கார்டு வரைக்கும் எல்லாம் ஆம்பளை பேர்லதான இருக்கு, இதுவும் அப்படி இருந்துட்டுப் போகட்டும், அண்ணன் பேரையும் படத்தையும் போடுன்னு சொன்னவ நான்தான். நீயும் பாஸ்போர்ட் காப்பியை அனுப்பி வச்சே. அவ முகம் சுண்டிப்போச்சு, ஆனா வேலை கிடைச்சா சரின்னு ஒத்துக்கிட்டா. புத்திசாலித்தனமா ஒரு காரியம் பண்ணிட்டதா நான் நினைச்சுக்கிட்டேன் பாரு, அதை நினைச்சா இப்போ என் மேலயே எனக்கு அருவருப்பா இருக்கு.

அவ பட்ட பாட்டை நீ பாக்கலை, நான் பாத்தேன். வேலை கேட்டு எழுதணும், ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா எழுதணும், ஒரே மாதிரி எழுதினா திரும்பிப் பாக்க மாட்டானாம். நாப்பத்து மூணு பேருக்கு எழுதி ஒருத்தன் பதில் போடலை. ரிவ்யூ இல்லாதவளுக்கு யாரும் வேலை குடுக்க மாட்டானாம், வேலை செய்யாம ரிவ்யூ எப்படி வரும்? இது என்ன எளவு நியாயமோ. அதுல ஒருத்தன், செஞ்சு காட்டு பாப்போம்னு அரை மணி நேர வீடியோவைக் குடுத்து முழுசா எழுதி வாங்கிக்கிட்டு ஆளே காணாமப் போயிட்டான், தூ. அதுக்குப் பொறவுதான் கனடாவுல இருந்து ஜாய்ங்கிற அம்மா வந்தா. அவ வாப்பா குவைத்துல இருந்தப்போ வீட்டுக்குப் பேசி அனுப்பின கேசட் ஒரு பெட்டி நிறைய இருந்துச்சாம், மனுசன் செங்கோட்டைப் பக்கம், நம்ம பேச்சு. அவ பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீசுல வேணும்னு கேட்டா. வேற எத்தனையோ பேர் செஞ்சு பாத்து அந்தப் பேச்சு பிடிபடாம விட்டுட்டாங்களாம். இவ லுஹர் தொழுதுட்டு உக்காந்தா அசர் பாங்கு வரைக்கும் காதுல மாட்டினதை எடுக்க மாட்டா. ஒரு இருமலைக் கூட விடாம, இந்த இடத்துல இருமினாங்கன்னு எழுதுவா. பழைய சொல்லுக்கு என்கிட்ட வந்து கேப்பா, நானும் ஒரு காதுல மாட்டிக்கிட்டுச் சொல்லுவேன். அந்த ஜாய் அம்மா ரிவ்யூவுல, மவுத்தாகி மண்ணுக்குள்ள போன என் வாப்பா திரும்ப வந்து பேசின மாதிரி இருக்கு, நீங்க நல்லா இருக்கணும் பிரதர் முஃபீத்னு எழுதினா. பிரதர்! அன்னைக்கு நானும் ஜுஹைனாவும் அதை வாசிச்சுச் சிரிச்சோம். அது சிரிக்கிற விசயமில்லைன்னு அப்போ எனக்கு உறைக்கலை.

நாலு மாசத்துக்கு முந்தி அந்த சைட்காரன், படத்துல இருக்க ஆளு நேர்ல முகத்தைக் காட்டணும், இடது பக்கம் திரும்பு வலது பக்கம் திரும்புன்னு கேட்டப்போ நீ அங்கன இருந்து திரும்பிக் காட்டினே. வேலை தப்பிச்சுதேன்னு நான் ரெண்டு ரக்அத் நஃபில் தொழுதேன், புத்தி கெட்ட கோட்டிக்காரி. அந்தச் சாக்குல பாஸ்வேர்டு உன் கைக்கு வந்துச்சு. வந்ததும் நீ என்ன பண்ணினே, அந்தப் பக்கத்தை அப்படியே உன் கல்யாண பயோடேட்டாவுல கொண்டு போய் ஒட்டிட்டே. என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கு அது எங்கன வச்சுத் தெரிஞ்சுது தெரியுமா? குத்தாலம் ஐந்தருவியில வச்சு. போன மாசம் நல்ல சாரல், உனக்குப் பாத்திருக்க நஸீபா வீட்டுல இருந்து கார் அனுப்பிச்சு எங்களையும் குளிக்கக் கூட்டிட்டுப் போனாங்க. சம்பந்தம் பேசியாச்சு, நாள் குறிக்கதுதான் பாக்கி, அப்படிக் கலகலன்னு இருந்தோம். குளிச்சு ஏறி, ஈரத் தலையோட நின்னு மிளகாய் பஜ்ஜி தின்னுக்கிட்டு இருக்கும்போது நஸீபாவோட உம்மா சொல்லுதா, உங்க மகனுக்கு நூத்தி இருவத்தாறு பேரு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க, எங்க வீட்டுக்காரரு கடைக்குத் துணி எடுக்க வாறவங்ககிட்ட எல்லாம் போனைத் திறந்து காட்டுதாங்கன்னு. அதோட விட்டாளா? நஸீபா முதல்ல ஷார்ஜா மாப்பிள்ளை வேண்டாம்னுதான் சொன்னாளாம். அந்த கேசட் ரிவ்யூவை வாசிச்சுட்டுத்தான், ஒரு வயசான மனுசன் இருமினதைக் கூட விடாமக் கேட்டு எழுதியிருக்கவரு நான் பேசினாலும் பொறுமையாக் கேப்பாருன்னு சொல்லி சம்மதிச்சாளாம். கையில இருந்த பஜ்ஜியைத் தாளுல வச்சு மடிச்சுட்டேன். உன் தங்கச்சி என் பக்கத்துலதான் நின்னா, தாவணித் தலைப்பைப் பிழிஞ்சுக்கிட்டு, காது கேக்காதவ மாதிரி அருவியப் பாத்துக்கிட்டு நின்னா.

வீட்டுக்கு வந்து கேட்டா, அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. கல்யாணம் முடியுத வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு நீ மெசேஜ் போட்டிருக்கே. எனக்கு ஒரு பேரு வேண்டாமா அண்ணான்னு அவ கேட்டதுக்கு நீ எழுதின பதிலையும் காட்டினா. உனக்கென்ன, நாளைக்கு நீ கட்டிக்கிட்டுப் போயிருவே, உனக்கு எதுக்கு ரிவ்யூ, அது என் பேர்ல இருக்கதுதான் குடும்பத்துக்கு மரியாதைன்னு எழுதியிருக்கே. அஸ்தஃபிருல்லாஹ். அதை நான் மூணு வாட்டி வாசிச்சேன். சீன்னு ஆயிட்டு. என் வயித்துல பிறந்தவனா இப்படி எழுதுதான்னு பாத்தா, எழுத்து உன்னோடதுதான், பேச்சு என்னோடது. வயசுப் பிள்ளை, கட்டிக்கிட்டுப் போறவன்னு அன்னைக்கு நான் பேசினதத்தான் நீ திருப்பி எழுதியிருக்கே. பேரை இரவல் குடுத்தவன் அந்தப் பேருக்குள்ள இருந்த உழைப்பை அமானிதமா, அடுத்தவங்க பொருள் மாதிரிப் பத்திரமா வச்சிருக்கணும், நீ அதைத் தூக்கி உன் சட்டைப்பையில போட்டுக்கிட்டே. பிறத்தியான் பிள்ளை செஞ்சா திருட்டும்பேன், என் பிள்ளை செஞ்சா வேற என்ன சொல்ல?

பேஜை அழிச்சது அவ இல்லை. சைட்காரனுக்கு உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டா, வேலை செஞ்சவ நான், முகம் அண்ணனோடது, இதை என் பேருக்கு மாத்த முடியுமான்னு கேட்டா. அவன் முடியாதுன்னு சொல்லி சனிக்கிழமை பூட்டிட்டான். நூத்தி இருவத்தாறும் போச்சு. மூடுவான்னு தெரிஞ்சேதான் எழுதினா. வாப்பா கூட, பொறுமையா இரும்மா, நிக்காஹ் முடியட்டும்னு சொல்லிப் பாத்தாங்க, அவ கேக்கலை, நானும் தடுக்கலை. ஜாய் அம்மாவுக்கும் தனியா எழுதினா. அந்த அம்மா, ரெண்டு வருசம் வேற ஆளா நடிச்சவங்ககிட்ட என் வாப்பா குரலை இனிமே எப்படிக் குடுப்பேன், மிச்ச கேசட்டை அனுப்ப மாட்டேன்னு பதில் போட்டுட்டா. நான் அழுதேன், அவ அழலை, அவங்க சொல்லுதது சரிதான உம்மான்னு சொல்லிட்டுப் போய் சட்டி கழுவினா. அந்தப் பொம்பளைகிட்ட என் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கினது நானும் நீயும்தான். இதை மட்டும் என்னால தாங்க முடியலை.

மறுநாளே அவ பேர்ல புதுசாத் திறந்தாச்சு. வெள்ளைச் சுவர்கிட்ட முக்காடு போட்டு நின்னா, நான்தான் போனைப் பிடிச்சேன். இடது பக்கம் திரும்பினா, வலது பக்கம் திரும்பினா, கண்ணை மூடித் திறந்தா, அரை நிமிசத்துல முடிஞ்சு போச்சு. இந்த அரை நிமிசத்துக்குத்தான் நான் அன்னைக்கு அந்தக் குதி குதிச்சேன். யாரும் வந்து அவளைத் தூக்கிட்டுப் போகலை. இப்போ பழையபடி ஒவ்வொருத்தனுக்கா எழுதிக்கிட்டு இருக்கா, பத்தொன்பது பேருக்கு எழுதினதுல ஒரே ஒருத்தன் ரெண்டு நிமிச வீடியோ ஒண்ணு குடுத்தான்.

நேத்து நான் தனியா பஸ் ஏறி தென்காசி போய், அங்கன இருந்து ஆட்டோ பிடிச்சு குத்துக்கல்வலசையில நஸீபா வீட்டுக்குப் போனேன். வாப்பாகிட்ட சொல்லலை, சொன்னா விட மாட்டாங்க. எல்லாத்தையும் சொன்னேன், என் தப்பை முதல்ல சொன்னேன். அவ உம்மா எழுந்து உள்ள போயிட்டா, காபி கூட வரலை, அதுல வருத்தம் இல்லை. நஸீபா மட்டும் உக்காந்து கேட்டா. முடிச்ச பொறவு, அப்போ நான் ஜுஹைனாவுக்குல்ல மாமி சம்மதம் சொல்லியிருக்கேன்னு சொன்னா. வேடிக்கையாச் சொல்லலை. பொறவு சொன்னா, நீங்க வந்து சொன்னது உங்க பெருந்தன்மை, ஆனா நான் அவரு வாயால கேக்கணும், அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு கூப்பிடச் சொல்லுங்க, அவரு சொல்லுதத வச்சுத்தான் நாள் குறிக்கதா வேண்டாமான்னு சொல்லுவேன்னா. நல்ல பிள்ளைலே. அவளைக் கட்டிக்கிட உனக்கு லாயக்கு உண்டான்னு எனக்கே இப்போ தெரியலை. பெத்தவ எழுதக்கூடாததுதான், ஆனா எழுதிட்டேன்.

அதனால ஆதம் இதைக் குடுத்ததும் எனக்குப் போன் போட்டு அழுது வைக்காதே. முதல்ல உன் தங்கச்சிகிட்டப் பேசு, கத்தாமப் பேசு. வெள்ளிக்கிழமையை மறந்துராதே. நஸீபாகிட்டப் பேசும்போது, இந்த வேலையை என் தங்கச்சி ஜுஹைனா செஞ்சான்னு அவ பேரைச் சொல்லு, வீட்டுல செஞ்சாங்கன்னு மழுப்பினா எனக்குத் தெரிஞ்சு போகும். ஊறுகாயைத் தயிர்ச்சோறு கூட வச்சுச் சாப்பிடு, வெறும் வயித்துல திங்காதே, புளிப்பு உனக்கு ஆகாது. உன் மனசைத் திருப்பச் சொல்லி அஞ்சு வேளையும் அல்லாஹ்கிட்டக் கேக்கேன், திருப்புவான், உன்னை வெறுத்துட்டேன்னு நினைக்காதே, நீ செஞ்சதைத்தான் வெறுக்கேன். அந்த ரெண்டு நிமிச வீடியோக்காரன் இன்னைக்குக் காலையில ரிவ்யூ போட்டிருக்கான். நல்லா செஞ்சிருக்கீங்க, நன்றி ஜுஹைனான்னு ஒரே வரிதான். அவ அதை எனக்கு வாசிச்சுக் காட்டலை, அவ பேரு இருக்க இடத்தை மட்டும் விரலால தொட்டுக் காட்டினா. நீ பிறந்த நாள்ல இருந்து இருவத்தெட்டு வருசமா இந்தத் தெருவுல என்னை எல்லாரும் முஃபீது உம்மான்னுதான் கூப்பிடுதாங்க, நானும் உனக்கு எழுதின கடுதாசியில எல்லாம் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இன்னைக்குக் கை வரலைலே.

துஆவுடன்,
ஜுஹைனா உம்மா
ஜாஹிரா பீவி