உலகப் படத்தில் இல்லாத சல்லடை ரூம்

மூன்று உலகத்திலும் தேடி எனக்கு வாய்த்த ஒரே மச்சான் சிவலிங்கத்துக்கு,

நீ போய் ஆறு வருஷமாகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறேன் என்றால், கோபம் வந்திருக்கிறது என்று புரிந்துகொள். சாதாரணக் கோபமில்லை. நேற்று நான் விட்ட மூச்சில் கொடகவெல சந்தியில் நின்ற மூன்று பஸ்ஸின் எஞ்சின் கொதித்துவிட்டது.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் கோகிலா வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் தூசியைத் துரத்திக்கொண்டிருக்கிறாள். உலகத்தையே சதுரம் சதுரமாகப் பிரித்து, எந்தச் சதுரத்தில் என்ன காற்று, எங்கே மழை, எங்கே புகை கிளம்புகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பாளாம். சஹாரா பாலைவனத்துத் தூசி கடல் தாண்டி அமெரிக்கக் காட்டில் இறங்குவதை அது கணக்குப் போட்டுக் காட்டும். மார்கழிக் காற்றில் வட இந்தியப் புகை நம் தலைக்கு மேல் வருவதையும் காட்டும். தேயிலை அரைக்கும் ஸ்டோரின் சல்லடை ரூமில் முப்பது வருஷம் தேயிலைத் தூசி தின்றவனுக்கு இப்படி ஒரு மகள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் அனுப்பிய வண்ணப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, ஸ்டோர் நோட்டீஸ் போர்டில் நானே என் கையால் ஒட்டினேன்.

அந்தக் கையைத்தான் இப்போது வெட்டிப் போடலாமா என்று பார்க்கிறேன்.

உன் தங்கச்சி பார்வதிக்கும் இருமல் வந்துவிட்டது, மச்சான். உன்னைக் கொண்டுபோன அதே இருமல். விடிய முகம் கழுவும்போது ஆரம்பிக்கும், சல்லடை ஓட ஓட ஏறும். உன்னைப் போலவே ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் பார்வதியும் வேலை செய்கிறாள். சாயங்காலம் அதை அலசிய தண்ணீரைத் தேத்தண்ணி என்று எண்ணி நான் ஒரு வாய் குடித்தே விட்டேன். சீனி போட்டிருந்தால் இரண்டாவது வாயும் குடித்திருப்பேன்.

சல்லடை ரூம் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, தூசியை வெளியே இழுக்கும் மின்சாரப் பேன் ஒன்று போடச் சொல்லித் தோட்டத்து மேனேஜர் தொரையிடம் போனார்கள். அந்தத் தொரை என்ன செய்தார் தெரியுமா? அவர்களை நோட்டீஸ் போர்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். நான் ஒட்டிய படத்தில் விரலை வைத்தார்.

“இங்க பாருங்க. தூசி இந்தியாவுல இருந்து வருது. நான் என்ன, இந்தியாவுக்கா பேன் போடுறது?” என்று சிங்களத்தில் கேட்டாராம். “இது உங்க ஆள் செஞ்ச படம்தானே?”

படத்தின் அடியில் பொடி எழுத்தில் உன் மகள் பெயர். அத்தனை பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். உனக்கு இருமல் வந்தபோது வீட்டு அடுப்புப் புகை என்றார்கள். உன் தங்கச்சிக்கு வந்தால் அடுத்த தேசத்துப் புகையா? அடுப்பங்கரைக்கும் டெல்லிக்கும் நடுவே அந்த ஸ்டோர் என்ற கட்டடம் எந்த மாயத்தில் மறைந்துபோகிறது?

கோகிலாவுக்குப் போன் போட்டேன். நான் கத்தியதற்கு போனே தேவையில்லை, அவளுக்கு நேரடியாகவே கேட்டிருக்கும்.

“மாமா, கொஞ்சம் மூச்சு விடுங்க. நான் போட்ட படம் பொய் இல்ல. ஆனா அதுல ஒரு சதுரம் எவ்வளவு பெரிசுன்னு தெரியுமா? ரத்தினபுரியும் கேகாலையும் ஒரே சதுரத்துக்குள்ள போயிரும். அதுல ஸ்டோரே கெடையாது. சல்லடை ரூம் எங்க தெரியப் போகுது?”

“அப்ப உங்கப்பன் முப்பது வருஷம் இல்லாத எடத்துலயா புள்ள வேலை செஞ்சான்?”

“ஒரு பெட்டி அனுப்புறேன் மாமா” என்றாள்.

உடம்புக்குப் போடும் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பெட்டி வந்தது. அதுதான் தூசி அளக்குமாம். முதலில் வெளிக்காற்றை அளந்து பழகுவோம், சுத்தமான, உயரமான, யாரும் கை வைக்காத இடமாகப் பார்த்து வையுங்கள் என்றாள். நீயே சொல், நம் தோட்டத்தில் அப்படி எத்தனை இடம் இருக்கிறது? மாரியம்மன் கோயிலில், அம்மனுக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தேன். பூசாரி அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தார்.

நாலு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். “மாமா, தெனம் விடிய அஞ்சு மணிக்கு அங்க என்ன நடக்குது? சஹாராவே கொடகவெலயில வந்து எறங்குன மாதிரி காட்டுது!”

மார்கழி பஜனை, மச்சான். அம்மனுக்குக் காட்டிய சாம்பிராணியைப் பூசாரி பெட்டிக்கும் மூன்று சுற்றுக் காட்டியிருக்கிறார். உன் மகள் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதி வெட்கம், பாதி சந்தோஷம். அவள் சிரித்து நான் கேட்டது உன் காரியத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

பொட்டைத் துடைத்து, பெட்டியைப் பார்வதியின் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். “இந்தாங்க, மாட்டிக்கிட்டா வேலைப் பதிவுல என் பேரு வெட்டிருவாங்க” என்றாள். ஆனாலும் வாங்கிக்கொண்டு போனாள். சல்லடைக்கு மேலே பலகை இடுக்கில் அது ஒரு மாதம் உட்கார்ந்திருந்தது. கோகிலா அதன் கணக்கை ஒரு தாளில் கோடாகப் போட்டு அனுப்பினாள். கூடவே அதே மாதத்துக்கு உலகப் படமும்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு, பெண்களுக்கு முன்னால் நானே போனேன். கொழுந்து லொறி ஓட்டி ஓய்ந்த கிழவனுக்கு இங்கே என்ன வேலை என்பது போலத் தொரை பார்த்தார். தாளை விரித்தேன். வேலை நாளெல்லாம் கோடு மலையாக ஏறி நிற்கிறது. ஸ்டோர் மூடிய ஞாயிற்றுக்கிழமையிலும் பௌர்ணமிப் போயா லீவு நாளிலும் தரையோடு படுத்துவிடுகிறது. உலகப் படத்திலோ அந்த நாட்களிலும் இந்தியப் புகை குறையாமல் வந்துகொண்டே இருக்கிறது.

“சேர்,” என்று அவருடைய சிங்களத்திலேயே கேட்டேன், “ஞாயித்துக்கெழம இந்தியக் காத்துக்கும் லீவா?”

பின்னால் பெண்கள் சிரித்தார்கள். பார்வதியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலில் போய் மாட்டிக்கொண்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தாள். தொரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “பெட்டி வைக்க யார் அனுமதி கொடுத்தது?” என்று கேட்பார் என்று பயந்திருந்தோம். கேட்கவில்லை. கடைசியில் “பலமு” என்றார்.

பார்ப்போமாம்! அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு நம் நாலு தலைமுறைக் காது தேய்ந்திருக்கிறது. உனக்கும் பலமு என்றுதானே சொன்னார்கள்? நீ பார்த்தாயா?

பேன் இன்னும் வரவில்லை. அதனால் பெட்டியை எடுக்கவில்லை. கோகிலா லீவு போட்டுவிட்டுச் சித்திரைக்கு வருகிறாள். இன்னும் நாலு பெட்டி கொண்டு வருகிறாள், பக்கத்துத் தோட்டங்களுக்கும் சேர்த்து. பழைய படத்தை நான் கிழித்துப் போடவில்லை. அது சொல்வது உண்மைதான். ஆனால் நம் சதுரத்துக்குள் பேனை மையால் ஒரு புள்ளி வைத்து, ‘இங்கே ஆட்கள் மூச்சு விடுகிறார்கள்’ என்று மூன்று மொழியிலும் எழுதி மறுபடி ஒட்டிவிட்டேன். சிங்களத்தில் இரண்டு பிழை இருந்ததாம். தொரையே திருத்திவிட்டுப் போயிருக்கிறார். அந்த மனுஷனை என்னவென்று எடுத்துக்கொள்வது?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். இதில் மட்டும் ஒரு துளி மிகைப்படுத்தலும் இல்லை. சின்ன வயதிலிருந்தே உன் தங்கச்சியை விட்டு இருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. அவளை அங்கே இப்போதைக்கு அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியை உன் கையிலிருந்து வாங்கியவன், திருப்பித் தர மறுப்பவன்,
உன் மச்சான் ராமையா