இங்கிலீஷில் உன்னைப் பற்றிச் சொன்னேன், மங்கா

என் மங்காவுக்கு,

"நலமா" என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பித்துப் பழக்கம். உன்னிடம் எப்படிக் கேட்பது? நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. படம் போட்டு, கீழே "கண்ணீருடன்" என்று நாலு வரி பத்திரிகையில் போடச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தேன். அந்த நாலு வரியில் நீ இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும்.

முதலில் ஊர்ச் சேதி. எல்லைத் தகராறு தீர்ந்துவிட்டது. திருத்தணிப் பக்கம், உன் அக்கா ஊரெல்லாம் மெட்ராஸோடு சேர்ந்துவிட்டது. நானிருக்கும் சித்தூர்ப் பக்கம் ஆந்திராவிலேயே இருக்கிறது. போன தடவை குழந்தையைப் பார்க்கப் போனேன். உன் அக்கா வாசலிலேயே மறித்தார். "இன்னா தம்பி, ஆந்திராக்காரரு எங்க சீமைக்கு வந்துக்கீறீங்க? சீட்டு கீட்டு வாங்கிக்கினுதான வந்தீங்க?"

நம் சின்னிக்கு மூன்று வயது ஆகப்போகிறது. நீ போனதிலிருந்து அக்காவிடம்தான் வளர்கிறாள். என் பிழைப்புதான் உனக்குத் தெரியுமே. மின்சாரக் கம்பம் எங்கே போகிறதோ அங்கே கூடாரம். இன்றைக்குக் குடிபாலா, அப்புறம் பலமனேர். டிப்ளமா படித்தும் தற்காலிக ஆள்தான். கூடாரத்தில் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? "வேலை நெலையாவட்டும், ஊடுன்னு ஒண்ணு வரட்டும், அப்பால இட்டுக்கினு போங்க" என்று அக்கா சொன்னதில் தப்பில்லை. சூப்பர்வைசர் வேலை கிடைத்தால் சித்தூரில் குவார்ட்டர்ஸ் உண்டு. அதற்குத்தான் திருப்பதியில் இங்கிலீஷ் பேச்சுப் பரீட்சை.

ஏன் இங்கிலீஷ் என்று கேட்பாய். இந்த ஜில்லாவில் தமிழில் கேள்வி கேட்டால் ஒரு கூட்டம் சண்டைக்கு வரும், தெலுங்கில் கேட்டால் இன்னொரு கூட்டம். இங்கிலீஷ் என்றால் எல்லோருக்கும் சமமாகக் கஷ்டம்.

கூடாரத்தில் என்னோடு இருக்கும் சுப்பையாவும் பரீட்சைக்கு வந்தான். தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் வருமே, அவன்தான். "வீட்டுல பிரியமானவங்களப் பத்திச் சொல்லுன்னு கட்டாயம் கேப்பாங்க பாவா. அம்மா கத செப்பு. எந்த ஆபீசருக்கும் அம்மா உண்டு. நடுவுல தொண்டைய அடைச்சுக்கோ, பாஸ்!" என்று ஒரு அம்மாவை எழுதியும் கொடுத்தான். அந்த அம்மா விடியுமுன் எழுந்து பசு கறப்பாள். எங்கள் வீட்டில் பசுவே கிடையாது. இருந்தாலும் மனப்பாடம் செய்தேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். சுப்பையா சொன்ன கேள்வியேதான் வந்தது. பசு கறக்கும் அம்மா நாக்கு நுனியில் நின்றாள். வாயைத் திறந்தால் "என் மனைவி, சார்" என்று வந்துவிட்டது.

உன்னை ஒரு வார்த்தை மெச்சவிட மாட்டாயே நீ. ஒரு நாள் அக்கா எதிரில் குழம்பு பிரமாதம் என்றேன். கரண்டியோடு திரும்பினாய்.

"சும்மா சும்மா மெச்சாத. கண்ணு பட்டுடும். மெச்சினா கூடவே ஒரு கொறையும் சொல்லு."

"கொறைக்கு நான் எங்க போவேன்?"

"தேடு."

"சரி. கொழம்பு நல்லாக்கீது. ஆனா சட்டியில பாதிய நீயே ருசி பாக்கறேன்னு துன்னுட்ட."

"ம், இப்ப துன்னு" என்று நெட்டி முறித்தாய். குழந்தையை யாராவது அழகு என்றால் அவர்கள் வாய் மூடுமுன் "மூக்குதான் சப்பை" என்பாய்.

அந்த ஹாலில் எனக்குத் தோன்றியது இதுதான்: இனி யார் கண் பட்டு உனக்கு என்ன ஆகிவிடப் போகிறது? தாராளமாக மெச்சலாமே. மெச்சினேன். நல்லவள், அன்பானவள், அடக்கமானவள், பணிவானவள் என்று தெரிந்த இங்கிலீஷ் வார்த்தையையெல்லாம் அடுக்கினேன். நடுவில் இருந்த பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகிற மனைவி. நீர் கட்டிக்கொண்டது யாரை?" என்றார்.

யாரை? அடக்கமும் பணிவும் உனக்கு எந்த ஊர்?

அப்புறம் உன் குறைகளைச் சொன்னேன் மங்கா. பஸ்ஸில் போகும்போது நேராக நிற்கிற கம்பத்தையெல்லாம் "இது எங்க ஊட்டுக்காரரு நட்டது" என்று முன் சீட்டு பின் சீட்டு எல்லோருக்கும் காட்டுவாள், சாய்ந்த கம்பம் வந்தால் "இது வேற யாரோ" என்பாள் என்றேன். பாட வராது, ஆனால் பாடுவாள். கோபம் வந்தால் பேசமாட்டாள், பாத்திரங்கள் பேசும். சண்டை பாதியில் நிற்கும்போதே சிரித்துவிடுவாள், அப்புறம் சிரித்ததற்காகத் தனியாக ஒரு சண்டை. என் இங்கிலீஷ் நொண்டியது. ஆனால் நிற்கவில்லை. நேரம் முடிந்து மணி அடித்ததாம், எனக்குக் கேட்கவில்லை.

"இத்தனை குறை சொல்கிறீரே, பிரியமானவரைப் பற்றித்தானே கேட்டோம்?" என்றார் பெரியவர்.

"எங்கள் பக்கம் இப்படித்தான் சார். வெறுமனே புகழ்ந்தால் கண் பட்டுவிடும்."

ஓரத்தில் அதுவரை பேசாமலிருந்த ஒருவர், "திஷ்டி, திஷ்டி" என்று தெலுங்கில் முணுமுணுத்துச் சிரித்தார். அவர்கள் வீட்டிலும் உண்டு போலிருக்கிறது. பெரியவர் காகிதத்தைப் புரட்டினார். "நல்லது. குவார்ட்டர்ஸுக்கு எழுத வேண்டும். வீட்டில் மனைவி, குழந்தைகள் என்று எத்தனை பேர்?"

"ஒரு மகள், சார். மனைவி இறந்துவிட்டாள்."

மீட்டர் ரீடிங் சொல்வது போல அதைச் சொன்னேன். இந்த ஒரு வருஷத்தில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். தெரியாதவர்களிடம் சுப்பையா முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். என் வாயால் முதல் தடவை சொன்னது இங்கிலீஷில், முன்பின் தெரியாத மூன்று பேரிடம். அழுகை வரவில்லை. கை மட்டும் நாற்காலியை விடவில்லை.

பெரியவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "கொழந்தைக்கு என்ன வயசுப்பா?" என்று தமிழில் கேட்டார். ஓரத்துக்காரர், "பாப்பா பேரேமி?" என்று தெலுங்கில் பேர் கேட்டார். இரண்டு பாஷையும் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

வேலை கிடைத்துவிட்டது மங்கா. இரண்டு ரூம், வெளியே குழாய். சுப்பையாவும் தேறிவிட்டான், அம்மா கதைதான். தொண்டையை அவன் அடைத்துக்கொண்ட விதத்தில் அந்தம்மா போய்ச் சேர்ந்துவிட்டதாகவே அவர்கள் நினைத்துவிட்டார்கள். கேள்விப்பட்டு, கல்லுக்குண்டு மாதிரி இருக்கும் அவன் அம்மா விளக்குமாற்றோடு துரத்தினாளாம்.

சின்னியை அழைத்துவர நாளைக் காலை போகிறேன். ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். நீ வேலூர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகத்தான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். "ஊசி போட்டுக்கினுகீது, வந்துடும்" என்று. பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறாளாம். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு வாய் வர்ல தம்பி. நீங்க பெத்தவரு. நீங்களே சொல்லிடுங்க."

மூன்று வயதுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் விளங்குமா? விளங்கின மாதிரி தலையாட்டிவிட்டு, "எப்ப வரும்?" என்று மறுபடி கேட்டால்?

சித்தூருக்கு நாங்கள் ஏறும் பஸ் வேலூர் வழியாகத்தான் போகும். ஊர்ப் பேரைக் கேட்டதும் இறங்கணும் என்று அடம் பிடிப்பாள். அதற்கு முன்னால், மடியில் உட்கார வைத்து, நம்ம பேச்சில், நானே சொல்லிவிடுவேன். கண்டக்டர் வேலூர் என்று கூவும்போது அவள் உன்னைத் தேடி ஜன்னலில் எட்டிப் பார்க்கும்படி விடமாட்டேன் மங்கா. இது சத்தியம்.

உன் ஊட்டுக்காரன்,
சின்னியின் நைனா