இரண்டு டசன் நண்டும் நான் சொன்ன பொய்யும்

உயிருக்கு உயிரான லாத்தா,

உனக்கு என் சலாம். கேட்டி ஊரிலிருந்து உன் தங்கச்சி சபுரா எழுதுகிறேன்.

நீ இருந்தவரை நம் வீட்டுக் கடிதங்களை எல்லாம் நீதான் எழுதினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவேன், நீ பாதியை வெட்டிவிட்டு மீதியை எழுதுவாய். “இதையெல்லாம் எழுதினா ஊர்ல உம்மா மயங்கி விழுந்துரும்டி” என்பாய். இன்று வெட்டுவதற்கு ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மனசு சரியில்லை லாத்தா. நாளைக்கு உன் மகளைப் பேசி முடிக்க வருகிறார்கள்.

நஸ்ரின் நன்றாக இருக்கிறாள். நீ போன இந்த இரண்டு வருஷமாக என் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், என் குழம்பில் உப்புக் குறைச்சல் என்று உன்னை மாதிரியே சொல்லிக்காட்டுகிறாள். பையன் பெயர் ஃபைசல், காலேஜில் கூடப் படித்தவன். நல்ல பையன். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அவன் செருப்போடு சேர்த்து வாசலில் கிடந்த எங்கள் செருப்பையும் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. அவனுக்கும் அத்தா இல்லை. அம்மா கம்பத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார்.

சந்தோஷமான செய்திதானே, இதில் என்ன கவலை என்று கேட்பாய். அவர் வருகிறேன் என்று சொன்னது என் பொய்யை நம்பி என்றால் கவலை வராதா?

போன சனிக்கிழமை மதியம்தான் அவரோடு முதல் சந்திப்பு. வீட்டில் வைத்தால் பெண் பார்க்க வந்த மாதிரி ஆகிவிடும், புள்ளை கூசுவாள், அதனால் வெளியே சாப்பிடலாம் என்று நான்தான் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, இந்த ஊரில் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் இறைச்சி ஹலாலா என்று விசாரித்து முடிப்பதற்குள் பசி போய்விடும். மீன் கடை என்றால் அந்தப் பயம் இல்லை. எங்கே போகலாம் என்று ஃபைசல் கேட்டதும் நம்ம நண்டுக்கடைதான் என் வாயில் வந்தது. கீமா என்கிற ஊரில், கடல் வளைகுடா ஓரத்தில், தண்ணீருக்கு மேலே பலகை போட்டு நிற்குமே, பெருநாளுக்கு மறுநாள் நீயும் நானும் நஸ்ரினும் போவோமே, அதே கடை.

நஸ்ரினின் முகம் அப்போதே மாறியது.

“சாச்சி, வேற எங்கயாவது போலாமே. அது ரொம்ப ஃபார்.”

“ஏன்டி, மாமியா முன்னாடி நண்டு திங்க வெட்கமா இருக்கா? போட்ட பவுடர் கலைஞ்சிருமா?”

“சாச்சி, ப்ளீஸ். லிசன்.”

நான் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டேன். நீயாக இருந்தால் அவள் முகத்தைப் பார்த்தே பிடித்திருப்பாய், இல்லையா?

என் வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமை ஹில்கிராஃப்ட் தெருவில் இருக்கிற எங்கள் கடையை விட்டு வர முடியாது. நானும் நஸ்ரினும் மட்டும் போனோம். ஃப்ரீவே முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபைசலின் அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நான் என் குழப்பத்தில் இருந்தேன். சம்பந்தி என்றால் அவசரப்பட்ட மாதிரி இருக்கும். ஆன்ட்டி என்றால், என்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும், அடிக்க வந்துவிடுவார். வாயில் லாத்தா என்று வந்தது, முழுங்கிவிட்டேன். அது உனக்கு மட்டும் வைத்திருந்த சொல்.

கடை அப்படியேதான் இருக்கிறது. மேஜைமேல் பழுப்புக் காகிதம், ஓடு போட வாளி, ஆளுக்கொரு மரச் சுத்தியல். வெளியே தூணுக்கு ஒரு கூழைக்கடா. ஃபைசலின் அம்மா கரும்பச்சைச் சேலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசாத ஆளைக் கண்டால் எனக்குப் பயம், அது உனக்குத் தெரியும்.

கடைக்காரப் பையன் ஒருவன் ஆளுக்கொரு பிளாஸ்டிக் மார்த்துணியைக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் பெரிய சிவப்பு நண்டுப் படம். அவர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“கட்டிக்குங்க. சேலையில தெறிக்காம இருக்கும்” என்றேன்.

“வேணாம்மா. எங்க பக்கம் இது புழக்கத்துல இல்ல. மார்க்கத்துல கூடாதுன்னு சொல்லுவாங்க. எங்க வீட்டுச் சட்டியில நண்டு விழுந்ததே கெடையாது.” சொல்லிவிட்டு அந்தத் துணியை நண்டுப் படம் கீழே போகும்படி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

நாம் கடலோரத்து ஆட்கள், நமக்கு நண்டும் மீன் மாதிரிதான். உள்நாட்டு வீடுகளில் பலர் தொடமாட்டார்கள் என்பது நான் கேள்விப்படாததா? சின்ன வயசிலிருந்து தெரியும். அந்த நேரத்தில் அது என் மண்டையில் ஏறவே இல்லை. நஸ்ரினைப் பார்த்தேன். அவள் ஃபைசலைப் பார்த்தாள். அவளுக்கும் இது புதுச் செய்தி. ஃபைசல் மெனு அட்டைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டான்.

“மீன் இருக்கு. பொரிச்ச மீன் ரொம்ப நல்லா இருக்கும்” என்று நான் சமாளிக்கும்போதுதான் ஆர்டர் எடுக்கிறவள் வந்தாள். நரைத்த பின்னலோடு, எல்லோரையும் ஹனி என்று கூப்பிடுவாளே, அதே வெள்ளைக்காரி. என்னையோ ஃபைசலின் அம்மாவையோ அவள் பார்க்கவில்லை. நேராக ஃபைசலையும் நஸ்ரினையும் பார்த்துச் சிரித்தாள். இன்றைக்கு ஜன்னலோரம் உட்காரவில்லையா, வழக்கம்போல ரெண்டு டசன்தானே என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

லாத்தா, அந்த ஒரு நிமிஷத்தை எப்படி எழுதுவது? நஸ்ரினுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. நம் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச இது போதாதா? கல்யாணத்துக்கு முன்னால் தனியாக, அதுவும் பழக்கமாக, இரண்டு டசன் அளவுக்கு.

“அந்தம்மா என்ன சொல்லுது?” என்று ஃபைசலின் அம்மா கேட்டார்.

இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

“அது என்னைச் சொல்லுது. மாசாமாசம் வர்றவ நான்தானே. புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வந்துருவேன். அதுங்க ரெண்டும் மீன் திங்கும், ரெண்டு டசன் நண்டும் எனக்கு.”

“ரெண்டு டசனுமா?”

“எங்க ஊரு வயிறு அப்படி.”

அவர் சிரிக்கவில்லை.

பிறகு வந்தது பார், தட்டு நிறையக் குவியல். சொன்ன பொய்க்குச் சாட்சியாக நான்தான் அதைத் தின்றாக வேண்டும். சுத்தியல் வழுக்கி மேஜையில் அடித்தது. ஓட்டுத்துண்டு பறந்து வாளிக்கு வெளியே விழுந்தது. என் அவஸ்தையைப் பார்த்த ஃபைசல், “குடுங்க ஆன்ட்டி” என்று வாங்கி, ஒரே தட்டு தட்டி, கொடுக்குச் சதை உடையாமல் முழுசாக உருவி என் தட்டில் வைத்தான். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

நாலாவது நண்டில் நஸ்ரின் கைப்பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். உன் மிளகுத்தூள் பாட்டில். “இவங்க நண்டுல மணமே இல்லடி” என்று உன் மாத்திரை பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, மிளகும் சீரகமும் இடித்துக் கொண்டுவருவாயே, அதேதான். மேலே மருந்துக்கடைக்காரன் ஒட்டிய சீட்டு இன்னும் கிழியவில்லை.

ஃபைசலின் அம்மா அதைக் கையில் எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். “ஜுலைஹா. யாரு?”

“உம்மா” என்றாள் நஸ்ரின்.

அவர் பாட்டிலைத் திருப்பி வைத்தார், உன் பெயர் வெளியே தெரிகிற மாதிரி. அதற்குப் பிறகு ஏழாவது நண்டுவரை நான் எப்படித் தின்றேன் என்று எனக்கே தெரியாது.

கார் நிறுத்திய இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எனக்கு ஒண்ணுதான் தெரியணும். நீங்க கூடவேதான் இருந்தீங்க, என்னம்மா? தாயில்லாத புள்ளையத் தனியா விடலையே?”

“கூடவேதான் இருந்தேன்” என்றேன்.

திரும்பி வரும்போது நஸ்ரின் கத்தவில்லை, அழுதாள். “நாங்க தப்பு ஒண்ணும் பண்ணல சாச்சி. உம்மா உக்காந்த டேபிளை அவனுக்குக் காட்டணும்னு கூட்டிட்டுப் போனேன். தட்ஸ் ஆல். அவனுக்குப் புடிச்சது, திரும்பப் போனோம். நீங்க பொய் சொன்னதாலதான் அது இப்ப தப்பு மாதிரி ஆயிருச்சு.”

எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு, லாத்தா. பதில் வரவில்லை.

அடுத்த நாள் ஃபைசல் போன் பண்ணினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்க வருகிறோம், அம்மாவுக்குத் திருப்தி என்றான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நண்டுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று என் வீட்டுக்காரர் சோடா வாங்கித் தருகிறார். பிற்பாடு அந்த வெள்ளைக்காரியைப்போல வேறு யாராவது எங்கேயாவது நஸ்ரினைப் பார்த்துச் சிரித்தால்? நிக்காஹ் முடிந்து ஐந்து வருஷம் கழித்துத் தெரிந்தால்? அப்போது பொய் சொன்ன சாச்சியை யார் கேட்கப் போகிறார்கள், அவளைத்தானே கேட்பார்கள்?

இதுவரைக்கும் காலையில் எழுதினேன். எழுத எழுத எனக்கே என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் போய் ஃபைசலின் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டேன்.

எல்லாம் சொன்னேன். நான் ஒரு தடவைகூட அவர்களோடு போனதில்லை, நஸ்ரின் ஏன் அங்கே அவனைக் கூட்டிப்போனாள், எதையும் விடவில்லை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் கார்டில் காசு தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன், உள்ளூர் போனுக்கு எதற்குக் கார்டு, அந்த அளவுக்குப் புத்தி கலங்கியிருந்தது.

“தெரியும்மா” என்றார். “என் மகன் ஒரே தட்டுல கொடுக்கை உடைச்சு முழுசா உருவினான். மீன் மட்டும் திங்கிறவனுக்கு அந்தக் கை எங்கருந்து வந்துச்சு? மாசாமாசம் ரெண்டு டசன் திங்கிற உங்களுக்கு மூணாவதுலயே முழி பிதுங்குது.”

“அப்ப ஏன் கேக்கலை?”

“கேட்டேனே, கார்கிட்ட வச்சு. அப்பவும் ஆமான்னுட்டீங்க.”

“இன்னைக்கும் நான் சொல்லாம இருந்திருந்தா?”

“வந்து டீ மட்டும் குடிச்சிட்டு, பேசி முடிக்காமப் போயிருப்பேன்.”

சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்தேன். “இப்ப?”

“இப்பவும் டீ குடிப்பேன். என் மகன்கிட்டப் பேச வேண்டியதை நான் பேசிக்கிறேன். உங்க புள்ளைகிட்டத் தனியாப் பேசணும். நீங்க இருக்கக் கூடாது. அதுக்கப்புறம் பாப்போம்.”

“சரி” என்றேன். பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல், “என்ன சமைக்கட்டும் லாத்தா?” என்று கேட்டுவிட்டேன்.

ஆமாம், அந்தச் சொல்தான். உன்னைக் கேட்காமல் வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

“மீன் வைங்க” என்றார். “மீன் மட்டும்.”

இதற்கு என்ன அர்த்தம் லாத்தா? வேண்டாம் என்கிறவர் மீன் கேட்பாரா? இல்லை, டீக்குப் பதிலாக மீனைத் தின்றுவிட்டுப் போகிற எண்ணமா? நஸ்ரினிடம் சொன்னேன். அவள் “தேங்க்ஸ் சாச்சி” என்று மேலே போய்விட்டாள். அவளுக்கும் பயம்தான். மேலே நடக்கிற சத்தம் இன்னும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ இரண்டு விஷயம் சொன்னாய். நஸ்ரினைப் பார்த்துக்கோ, உன் வாயைக் கொஞ்சம் அடக்கு. இரண்டாவதை வேடிக்கைக்குச் சொன்னாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நாளைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வருவார்கள். உன் மகளும் அவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர் எது கேட்டாலும் உள்ளதை அவள் வாயாலேயே சொல்லட்டும். கதவு திறக்கும்வரை நான் சமையல்கட்டில் மீன் சட்டிக்கு முன்னால் நிற்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன், கதவில் காது வைக்க மாட்டேன், குறுக்கே போக மாட்டேன். மீனைக் கிளறக் கூடாது என்று தெரியும். கிளறிவிடுவேன், கை சும்மா இருக்காது. உடைந்த மீனை அவர் தட்டில் வைத்து, நான்தான் உடைத்தேன் என்று சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கதவுக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நிற்கப்போகும்
உன் தங்கச்சி, நஸ்ரினின் சாச்சி,
சபுரா