அத்தானுக்கு அனுப்பிய நாலு டின்

ஆரையம்பதி,
24.04.2025, வியாழன்.

அன்புள்ள தம்பி விஜிதரனுக்கு,

உன் அக்கா நவரஞ்சினி எழுதுகிறேன். நலம் என்று எழுதத்தான் பேனை போனது. அது பச்சைப் பொய் என்பதால் நிறுத்திக்கொண்டேன். உதட்டில் ஏழு தையல் போட்டிருக்கிறார்கள். தாடையை அசைக்கக் கூடாது, இன்னும் ஒரு கிழமைக்கு வாய் திறந்து பேசவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். போனும் சுக்குநூறாகிவிட்டது. அதனால்தான் இந்தக் காலத்தில் கடிதம். எனக்குத் தையல் வேலை தருகிற காத்தான்குடி றஸீனா இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். பாதியில் எழும்பி ஓடாமல் முழுவதையும் படி.

நாளைப் பின்னேரம் வினாயகமூர்த்தி மாமா உனக்குப் போன் எடுப்பார். அத்தானின் தாய்மாமன், கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர், ஊரில் பெரிய வாய். சனிக்கிழமை அத்தானை ஆசுபத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிறார்கள். வெட்டியதும் நேரே என் வீட்டுக்குக் கூட்டி வரலாமா என்று உன்னிடம் கேட்பார். என்னிடம் கேட்டு முடித்துவிட்டார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அது அவருக்குப் பதிலாகத் தெரியவில்லை. நீ என்ன சொல்கிறாயோ அதுதான் முடிவு என்று எழும்பிப் போனார். அதற்கு முன் நடந்ததை நீ என் கையால் தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் கூட்டாளி வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னால் வந்து நாலு டின்னையும் தந்துவிட்டுப் போனான். அதோடு நீ எழுதிய தாளும் வந்தது. நியூசிலாந்தில் ஹொப்ஸ் கொடியில் பூ பறித்த அன்றே, காய விடாமல், பச்சையாகக் கொப்பரையில் கொட்டிச் செய்த பியர், வருடத்தில் ஒரு முறைதான் கிடைக்கும், என் கையாலேயே பறித்தேன் என்று எழுதியிருந்தாய். குளிரில் வை, சீக்கிரம் குடி, கிளாசில் ஊற்றி முதலில் மணந்து பார், கலங்கலாக இருக்கும், அடியில் கொஞ்சம் மண்டி கிடக்கும், பயப்படாதே. அதற்குக் கீழே ஒரு வரி: அத்தான் ருசித்துக் குடிக்கப் பழகினால் கசிப்புச் சாராயத்தை விட்டுவிடுவார், அக்கா.

தம்பி, உன் மேல் எனக்கு உயிர். ஆனால் அந்த வரிக்கு உன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். மனிசனுக்கு நாக்கு ருசி தெரியாததாலா அடிக்கிறான்?

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன வருடம் குடியை மறக்க வைக்கிற மருந்து என்று ஒரு நாட்டு வைத்தியப் பரியாரியிடம் தூள் வாங்கி வந்து, அவருடைய சொதியில் கலந்தேன். இங்கே எத்தனையோ பெண்கள் செய்கிறதுதான். அவர் இரண்டு நாள் வாந்தி எடுத்தார், மூன்றாம் நாள் விசயத்தைக் கண்டுபிடித்தார். என் இடது கைச் சின்ன விரலைக் கதவு நிலையில் வைத்துக் கதவைச் சாத்தினார். வழுக்கி விழுந்தேன் என்று உனக்குச் சொன்னேனே, அது இதுதான். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு சட்டம். சோறோ தேத்தண்ணியோ, நான் ஒரு வாய் தின்று காட்டிய பிறகுதான் அவர் கை வைப்பார். பூனைக்கு வைத்துப் பார்ப்பது போல என்னிடம் வைத்துப் பார்ப்பார். மகள் கம்சாயினி இந்த வீட்டு அடி உதையைப் பார்த்துப் பார்த்தே பதினேழு வயதுப் பிள்ளையாகிவிட்டாள்.

போன கிழமை புதன், மத்தியானம். அவர் வாவியில் இருந்து வந்து துடுப்பைக் கிணற்றடித் தென்னையில் சாத்திவிட்டு, மீன் வைக்கிற றெஜிபோம் பெட்டிக்குள் ஐசில் கிடந்த உன் டின்களை எடுத்தார். ஒன்றை உடைத்துக் கிளாசில் ஊற்றி, வழக்கம்போல என்னிடம் நீட்டினார். வாழ்க்கையில் ஒரு சொட்டு நான் வாயில் வைத்ததில்லை, உனக்குத் தெரியும். மாட்டேன் என்றால் அதற்கும் அடி விழும். வாங்கினேன்.

நீ எழுதியபடியே முதலில் மணந்தேன். தோடம்பழத் தோலை நகத்தால் கீறியது போல மணத்தது. அதற்குள்ளே பச்சைப் புல் வெட்டிய மணம், விளாட் மாம்பழத்தின் காம்படி மணம். நுரை மூக்கில் பட்டது. ஒரு மிடறு வைத்தேன். முதலில் குளிர், பிறகு ஒரு மெல்லிய தித்திப்பு, இறங்கின பிறகுதான் கசப்பு மெதுவாக வந்து நாக்கின் அடியில் உட்கார்ந்தது. பாவக்காயின் கசப்பு இல்லை. வாயைக் கழுவிவிட்டதுபோல ஒரு கசப்பு. நான் என்னை மறந்து இரண்டாம் மிடறும் குடித்தேன். கண்ணை மூடினேன் போல. இதை என் தம்பி பறித்தான் என்று நினைத்தேன். சந்தோசமாக இருந்ததடா. அந்த வீட்டில் எத்தனை வருடத்துக்குப் பிறகு அப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

அதை அவர் பார்த்துவிட்டார். கிளாசைப் பறித்து, கசிப்பு அடிக்கிற மாதிரி ஒரே இழுப்பில் அண்ணாந்தார். மண்டி முழுக்க அவர் வாய்க்குள் போனது. துப்பினார். கிளாசின் அடியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பச்சையாகத் துகள் ஒட்டியிருந்தது. மருந்து, அக்காவும் தம்பியும் சேந்து எனக்கு மருந்து வெச்சிட்டீங்க, இவள் கண்ணைச் செருகி நடிச்சிக் காட்டுறாள், எண்டு கத்தினார். உன் தாளைக் காட்டினேன். அவர் படிக்கவில்லை, என் வாயில் திணித்தார். போன் மணி அடித்தது. நீதான் அங்கே இருந்து எடுத்திருக்கிறாய் என்று பிறகு தெரிந்தது. கிணற்றுக் கட்டில் அடித்து உடைத்தார்.

பிறகு என் தலைமயிரைக் கையில் சுற்றி, அதே கிணற்றுக் கட்டில் முகத்தை மோதினார். எத்தனை முறை என்று எண்ணவில்லை. நல்ல சாமான்தானே, நீயே எல்லாத்தையும் குடி எண்டு அடுத்த டின்னை உடைத்து வாயில் சொருகி, அடியில் உள்ளங்கையால் குத்தினார். விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவில் உதடு பிளந்தது. இரண்டு பல் நாக்கில் கழன்று விழுந்தது தெரிந்தது. பியரும் இரத்தமும் மூக்கால் வந்தது. மூச்சு வரவில்லை, தம்பி. மூன்றாவது டின்னையும் அப்படியே செய்தார். இன்றைக்கு இவ்வளவுதான் என்று நான் அடங்கிக் கிடந்தேன். பத்தொன்பது வருடமாக அடங்கிக் கிடக்கப் பழகினவள்தானே.

கம்சாயினி ஓடி வந்தாள். அப்பா விடுங்க, அம்மா சாகப்போறா எண்டு அவர் கையைக் கடித்தாள். அவர் என்னை விட்டுவிட்டு அவள் கழுத்தைப் பிடித்தார். நீயும் கூட்டாடி, நீயும் குடி எண்டு நாலாவது டின்னை எடுத்தார். பிள்ளையின் கால் நிலத்தில் இல்லை.

தென்னையில் இருந்த துடுப்பு என் கைக்கு எப்படி வந்தது என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. அடித்தது மட்டும் நன்றாகத் தெரியும். முதல் அடி தோளில் விழுந்தது, காறை எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. பிள்ளையை விட்டார். திரும்பினார். இரண்டாவது அடி மண்டையில். மரம் விழுகிற மாதிரி விழுந்தார். விழுந்தவருக்கு மேலே நான் மூன்றாம் முறை ஓங்கினேன், தம்பி. இதை உனக்கு மறைக்க மாட்டேன். கம்சாயினி பின்னால் வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். அவளோடு சேர்ந்துதான் நான் கீழே விழுந்தேன்.

தைத்த சட்டைகளை எடுக்க வந்த றஸீனா படலைக்குள் நுழைந்து, அல்லாஹ், என்னகா இது, ஆரு செத்துக் கிடக்கிற எண்டு அலறினாள். அவளுடைய ஓட்டோவில்தான் இரண்டு பேரையும் ஏற்றினார்கள். ஒரே ஓட்டோ, அவர் தலை என் மடியில். கூத்துத்தான்.

பொலிஸ் வந்து கேட்டபோது, தோணியில் வழுக்கி விழுந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பெண்சாதியிடம் அடி வாங்கினேன் என்று சொல்ல வெட்கம். எனக்கு எப்படிக் காயம் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதினால் துடுப்பையும் எழுத வேண்டும், கம்சாயினிக்கு இந்த வருடம் பள்ளிக்கூடச் சோதினை. ஆகவே பொலிசும் இல்லை, கோட்டு வழக்கும் இல்லை. இருப்பது நீ மட்டும்தான்.

வினாயகமூர்த்தி மாமா என் கட்டிலடியில் உட்கார்ந்து சொன்னது இது: வீடு உன்ட பேர்லதான் புள்ள, இல்லையெண்டு சொல்லல்ல, ஆனா உன்ட தாய்வழிக் குடிக்கு ஆம்பிளையெண்டு இருக்கிறவன் விஜிதரன், அவன் வேணாமெண்டா மறுகா நான் வாய் திறக்கமாட்டன். அவர் கெட்டவர் இல்லை. உன்னை நன்றாகத் தெரிந்துதான் அப்படிச் சொன்னார்.

எனக்கும் உன்னைத் தெரியும். சுனாமியன்று பதினாலு வயதில் உன்னைத் தண்ணீருக்குள் இருந்து தலைமயிரில் பிடித்து இழுத்துக் கரை போட்டவர் அத்தான். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்துத்தான் நான் அவரைக் கட்டினேன். அதை நான் மறக்கவில்லை. முதல் முறை காது கிழிந்தபோது உனக்குச் சொன்னேன், பொறு அக்கா, அவர் இல்லாட்டி நான் இல்லை என்றாய். இரண்டாம் முறையும் அதையே சொன்னாய். மூன்றாம் முறையில் இருந்து நான் உனக்குச் சொல்லவில்லை. உன் உயிரைத் தந்தவர் என்று பத்தொன்பது வருடம் என் உடம்பைக் கொடுத்துவிட்டேன். இனிக் கொடுக்க என்னிடம் இருப்பது கம்சாயினி. அவளை நான் தரமாட்டேன்.

அவருக்குப் போக இடம் இருக்கிறது. தாய் வீடு வவுணதீவில் இருக்கிறது, தங்கச்சி சோறு போடுவாள். நம்முடைய பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தவர் திரும்பிப் போனால் வானம் இடிந்து விழாது. அம்மா எனக்கு இந்த வீட்டை எழுதித் தந்தது இதற்காகத்தான் என்று இப்போதுதான் விளங்குகிறது.

நீ பறந்து வந்து அவரை வெட்டுகிறேன் குத்துகிறேன் என்று நிற்க வேண்டாம். உன் வேலையைப் பார். பெண்சாதி தனுஷியாவோடு சண்டை பிடிக்காதே. ஒரு வார்த்தைதான் உன்னிடம் கேட்கிறேன். மாமா கேட்டால், கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்று சொல். பாவம், ஒருமுறை பார்ப்போம், பிள்ளைக்குத் தகப்பன் என்று இழுக்காதே. இழுத்தால் அதை அவர்கள் ஓம் என்றுதான் எடுப்பார்கள்.

கம்சாயினி காலையில் பள்ளிக்கூடம் போனால் ரியூசனும் முடிந்து பொழுதுபடத்தான் வருவாள். பகல் முழுக்க வீட்டில் அவரும் நானும் மட்டும்தான் இருப்போம், என் இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்த அவள் இருக்க மாட்டாள். இதை யோசித்துக்கொள்.

நீ நூறு வயது இருக்க வேண்டும். உன் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது. நாளைப் பின்னேரம் போன் மணி அடிக்கும்போது கண்ணகை அம்மாள் உன் நாக்கில் வந்து நிற்கட்டும்.

உன் அக்கா,
நவரஞ்சினி