பாதித் தாலாட்டு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா?

எங்கள் சலவைக்கூடத்தில் பாட்டுப்போட்டி வைத்திருக்கிறார்கள். நான் வேகமான குத்துப்பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒத்திகையில் பாட்டைவிட இருமல்தான் அதிகம் வந்தது. நீராவிதான் காரணம், பயப்படாதே. இஸ்திரி போடும் அண்ணன், "மூச்சு வாங்குற பாட்டு உனக்கெதுக்குப்பா? வீட்ல பாடுறதைப் பாடு" என்றார்.

பாப்பாவுக்கு நீயே கட்டிய தாலாட்டைப் பாடினேன். எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பாதியில் நின்றுபோனேன். மீதி எனக்குத் தெரியவே தெரியாது. நீ பாடினால் பாப்பாவுக்கு முன்னால் நான்தானே தூங்கிப்போவேன்!

மீதியை எழுதி அனுப்பாதே, போனில் பாடி அனுப்பு. இந்தத் தடவை கடைசிவரை விழித்திருப்பேன். இங்கே தூக்கம் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

பாப்பாவின் அப்பா