டீச்சரின் இடது பூட்ஸ்

7-7-1938, வியாழன்

ஞானம்மாள் டீச்சர் இன்று சாலை பஜாரில் இருக்கும் என் செருப்புக் கடைக்கு வந்தார். குட்டையான இடது காலுக்கு அடி உயர்த்தி நான் தைத்துக் கொடுத்த பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தார். காலையில் பள்ளிக்கூடத்தில் ராஜிநாமாக் கடிதம் கொடுத்துவிட்டாராம்.

“நின்னு பாடம் எடுக்க முடியல்ல அண்ணாச்சி. முழங்காலுக்குக் கீழ அப்படி ஒரு வேதனை. ஒங்க பூட்ஸ் மேல குத்தமில்ல. என் காலுதான் கொள்ளாது.”

அப்படி அவரை நம்பவைத்தவன் நான். வலிக்கிறது என்று இதற்கு முன் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் பூட்ஸைக் கையில்கூட வாங்காமல், புதுத் தோல், போகப் போக இளகும் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்று அதை வாங்கி வைக்கும்போது உள்ளே கை போனது. கணுக்காலுக்கு மேல் வரும் முன்பக்கத் தையலில் தோல் மடிந்து, புளியங்கொட்டை போலத் தடித்து நின்றது. அவசரத்தில் நான் விட்ட மடிப்பு. அவரை உட்காரச் சொல்லி, அதைச் சீவித் தட்டி, மேலே கம்பளித் துண்டு ஒட்டினேன். கயிற்றையும் தளர்த்திக் கட்டிவிட்டேன். அரைமணி நேர வேலைதான்.

டீச்சர் தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

“வேதனையே இல்லியே! என்ன செய்தீங்க அண்ணாச்சி?”

“தோலு இப்பத்தான் இளகிச்சு டீச்சர்.”

கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாளைக் காலையில் ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய், குற்றம் என் தையலில்தான், கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவிடுவேன். அதற்கு முன் டீச்சரிடம் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.